மலை கடத்தும் ஆற்றுப்படை



ஆற்றுப்படை என்றதும் மாணவர் பலரும் பரிசில், புரவலன் என்றே விடை எழுதுவர். நான் மலைபடுகடாத்தை ஒரு மலைவழிப் பயண நூலாகவும் கற்பிப்பதுண்டு. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்ப்படும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். மலையழகோடு பன்றிக்கு வைத்த பொறி, பாம்புறையும் குழி, யானையை விரட்டக் குறவர் எறியும் கவண்கல், வழுக்குப்பாறை யாவற்றையும் சொல்கிறான். இரவில் குகையில் தங்கச் சொல்கிறான்.

நேபாளத்தின் அன்னபூர்ணா மலைச்சுற்றில், 5,416 மீற்றர் உயரமான தொரோங் கணவாயைக் கடப்போருக்கும் இத்தகைய துணையே வேண்டும். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதன் பாதியளவே. ஆகையால் ஏறுமுன் ஏறத்தாழ 3,500 மீற்றரிலுள்ள மனாங்கில் ஒரு நாளாவது தங்கி உடலைப் பழக்குவர். கடுந்தலையிடியும் தள்ளாட்டமும் கண்டால் கீழிறங்குவதே முதல் மருந்து.

2014 ஒக்ரோபரில் அப்பகுதியில் வீசிய பனிப்புயலில் 40 பேருக்கு மேல் மாண்டனர். வழிகாட்டிகளும் அவர்களுள் அடங்குவர். 2023 ஏப்பிரலில் நேபாளம், பல மலைவழிகளில் வெளிநாட்டவர் வழிகாட்டியின்றிச் செல்வதைத் தடைசெய்தது.

சட்டம் வழிகாட்டியைத் தரலாம். அவன் வாயைத் திறக்குமா? கூத்தன் கூலிக்கு வழி சொல்லவில்லை. எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. கூலிக்கு வருபவனோ, பணம் கட்டி நாள் எண்ணி வந்தவரிடம் "இன்று வேண்டாம், திரும்புவோம்" எனச் சொல்லத் தயங்கக்கூடும். திரும்பினாலும் கூலி குறையாது என்று முதல் நாளே அவனிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் இருவர் உயிரையும் காக்கும்.