அந்தச் சாட்சிக் கையெழுத்து

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்பச் சுருக்கித் தொகுக்கப்பட்டுள்ளது.)

இன்னிக்கு நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஊர் அதிராம்பட்டினம். நாங்க அதிரைன்னுதான் சொல்லுவோம். தஞ்சாவூர் மாவட்டத்தோட கடலோரம். ஒரு பக்கம் உப்பளம், கொஞ்சம் உள்ள வந்தா நெல் வயல். காலேஜ் முடிச்ச வருஷம், உம்மாவுக்குச் சுகர் பார்க்க ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். ஒருத்தர் ஃபைலோட வந்தார். "தம்பி, படிச்ச புள்ளதானே? இதுல சாட்சின்னு போட்டிருக்குற இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க." என்ன சார் இதுன்னு கேட்டேன். "ஒரு ஆராய்ச்சி ஃபார்ம். பாட்டி கைநாட்டு வச்சுட்டாங்க." போட்டுட்டேன். ஒரு நிமிஷம் கூட ஆகல.

அவர் போனதும் அந்தப் பாட்டி என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. நடவு வேலைக்குப் போறவங்க. கட்டைவிரல்ல இன்னும் மை இருந்துச்சு. முந்தானையில துடைச்சுக்கிட்டே கேட்டாங்க: "ஏன் தம்பி, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

எனக்குத் தெரியல. நான் படிக்கவே இல்ல. "ஏதோ டெஸ்ட்டுக்குத்தான் பாட்டி"ன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

பல வருஷம் கழிச்சுதான் சட்டத்தை எடுத்துப் படிச்சேன். மருந்துப் பரிசோதனைகளுக்கு நம்ம நாட்டுல இப்ப இருக்கறது 2019 மார்ச்ல வந்த விதிகள். அதுல தெளிவா இருக்கு: பங்கேற்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியலைன்னா, நடுநிலையான சாட்சி ஒருத்தர் இருக்கணும். கடைசியில வந்து கையெழுத்துப் போட இல்ல. விளக்கிச் சொல்ற நேரம் முழுக்க அங்கேயே இருக்கணும். மருந்து இல்லாத மற்ற மருத்துவ ஆராய்ச்சிகளுக்கும் ஐசிஎம்ஆர் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் சாட்சி வேணும்னு சொல்லுது. அப்ப நான் போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? "இவங்களுக்கு எல்லாத்தையும் விளக்கினாங்க, நான் கூட இருந்து பார்த்தேன்." நான் பார்க்கல. அது பொய்ச் சாட்சி.

இதைப் பெருசா நடந்த இடத்துல பார்ப்போம். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதராவிலும், 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி போட்டாங்க. அமெரிக்காவைச் சேர்ந்த 'பாத்' அமைப்பும் ஐசிஎம்ஆரும் மாநில அரசுகளோட சேர்ந்து நடத்தின திட்டம். கம்மத்துல நிறையப் பேர் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச பழங்குடிப் பிள்ளைகள். ஏழு பிள்ளைகள் இறந்தாங்க. 2010 ஏப்ரல்ல திட்டத்தை நிறுத்தினாங்க. இறப்புக்கும் ஊசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லைன்னு விசாரணைக் குழு சொல்லுச்சு. ஊசியும் நல்ல ஊசிதான்.

ஆனா ஒப்புதல் படிவங்களை எடுத்துப் பார்த்தாங்க. ஆந்திராவுல 9,543 படிவம். அதுல 1,948-ல் கைநாட்டு. 2,763 படிவத்துல கையெழுத்துப் போட்டது ஹாஸ்டல் வார்டன்கள். அதாவது பத்துப் படிவத்துல கிட்டத்தட்ட மூணுல, அம்மா அப்பாவோட கையெழுத்து இல்ல. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையா கண்டிச்சு அறிக்கை கொடுத்துச்சு.

அந்த வார்டன்கள் கெட்டவங்கன்னு நான் நினைக்கல. அவங்களும் என்னை மாதிரிதான். ஒருத்தர் ஃபைலோட வந்தார், இடத்தைக் காட்டினார், போட்டாங்க.

இதைக் கேட்டுட்டு "ஆராய்ச்சியே வேணாம்"னு முடிவு பண்ணிடாதீங்க. 1956-ல் சென்னையில ஆரம்பிச்ச காசநோய் ஆய்வுல 193 நோயாளிகளை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்குச் சானடோரியத்துல மருந்து, இன்னொரு குழுவுக்கு வீட்டுலயே மருந்து. வீட்டுல இருந்தவங்களும் அதே அளவு நல்லாக் குணமானாங்க. உலகம் முழுக்க டிபிக்கு வீட்டுல இருந்தே மருந்து சாப்பிடலாம்னு மாறினதுக்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். யாரோ ஒருத்தர் சம்மதிச்சாதான் இது நடக்கும். அதனாலதான் அந்தச் சம்மதம் நிஜமா இருக்கணும்.

சரி, நாளைக்கு உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட, இல்ல உங்ககிட்டயே ஒரு ஃபார்ம் வருது. என்ன செய்யலாம்?

முதல்ல உட்காருங்க. இது சிகிச்சையா, ஆராய்ச்சியான்னு கேளுங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல. அவங்களுக்குப் புரியற தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. என்ன ஆபத்து, எத்தனை தடவை வரணும், எடுக்கற ரத்தத்தை அப்புறம் என்ன செய்வாங்கன்னு கேளுங்க. வேணாம்னு சொன்னாலும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. நடுவுல விலகவும் உரிமை உண்டு. மருந்துப் பரிசோதனையில உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா இலவசமா வைத்தியம் பார்க்கணும், பரிசோதனையாலதான்னு உறுதியானா இழப்பீடும் தரணும். தகவல் தாளும் கையெழுத்தான படிவத்தோட ஒரு பிரதியும் உங்க கைக்கு வரணும். 2009 ஜூனுக்கு அப்புறம் ஆரம்பிச்ச மருந்துப் பரிசோதனைன்னா சிடிஆர்ஐ தளத்துல பதிஞ்சிருக்கணும். பதிவு எண்ணைக் கேட்டு நீங்களே தேடிப் பார்க்கலாம்.

அப்புறம், சாட்சியாக் கூப்பிட்டா, ஆரம்பத்துல இருந்து உட்கார முடியுமான்னு பாருங்க. முடியலைன்னா போடாதீங்க. முடிஞ்சா, கடைசியில பெரியவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு எனக்குச் சொல்லுங்க பாட்டி." அவங்க சொல்ல முடிஞ்சா போடுங்க.

அன்னிக்கு உம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்பும்போது அந்தப் பாட்டி இன்னும் அதே பெஞ்சுலதான் இருந்தாங்க. கையில ஒரு தாளும் இல்ல. நான் திரும்பிப் போய் அந்த ஃபைல்காரரைத் தேடியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்.

உங்க வீட்டுல யாராவது இப்படி ஒரு ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருந்தா, அந்தப் பிரதி வீட்டுல இருக்கான்னு இன்னிக்குத் தேடிப் பாருங்க. கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.