பெரியப்பாகிட்ட சொல்லிரு

இன்னைக்கு எபிசோட்ல சண்டை போடாம இருக்கிறதைப் பத்திப் பேசப்போறேன்.

எனக்கு ஊர் தேனி மாவட்டம். உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஒரு கிராமம். தாத்தாவோட பன்னீர் திராட்சைத் தோட்டத்தை அப்பாவும் பெரியப்பாவும் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கிட்டாங்க. கிணறும் மோட்டாரும் மட்டும் பொது. ஒரு நாள் அவங்க முறை, ஒரு நாள் எங்க முறை.

எங்க முறை அன்னைக்கும் காலையில ரெண்டு மணி நேரம் பெரியப்பா பந்தலுக்குத் தண்ணி ஓடும். "போய்க் கேளுங்க"ன்னு அம்மா சொல்வாங்க. "விடு, அண்ணன்தானே. எதுக்கு வம்பு?"ம்பாரு அப்பா. கேட்கல. ஆனா மறக்கவும் இல்ல. பெரியப்பா வீட்டுக்குப் போறது குறைஞ்சது, அப்புறம் நின்னே போச்சு. சத்தமா ஒரு சண்டைகூட நடக்கல. ஊர்ல கேட்டா, "அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல"ம்பாங்க. அவ்வளவுதான்.

பொதுக்கிணறு வச்சுக்கிட்டு எத்தனை நாள் பேசாம இருக்க முடியும்? அதுக்குத்தான் நான் இருந்தேன். மூணாவது படிக்கிற பிள்ளை. "மோட்டார்ல காயில் போயிருச்சு, பாதிக் காசு தரணும்னு பெரியப்பாகிட்ட சொல்லிரு." அங்கிருந்து, "அறுப்பு முடியட்டும்னு உங்கப்பாகிட்ட சொல்லு." அவர் எரிச்சலா சொன்னதை நான் சிரிச்ச முகமா வந்து சொல்வேன். யாருக்கும் கோபம் வராமப் பாத்துக்கிறதுதான் என் வேலைன்னு அந்த வயசுலயே மனசுல பதிஞ்சுருச்சு.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இதை 'முக்கோணம்'னு சொல்வாரு. ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கிற இறுக்கத்தைத் தாங்க முடியாதப்போ மூணாவது ஆளை உள்ளே இழுப்போம். இறுக்கம் கொஞ்சம் தணியும். பிரச்சினை இருந்த இடத்துலயே இருக்கும்.

பெரியப்பா இறந்தப்போதான் அப்பா அந்த வீட்டுப் படி ஏறினாரு. சில நாள் கழிச்சு பேச்சுவாக்குல பெரியம்மா சொன்னாங்க: "எங்க கடைசி வரிசைக்குத் தண்ணி எட்டாது. அதான் காலையில கொஞ்சம் ஓட்டுவாரு. தம்பி ஒண்ணும் சொல்லலையே, சம்மதம்னுதான் நெனச்சோம்." அப்பா எந்திரிச்சு வெளியே போயிட்டாரு.

அப்பா பொறுமைன்னு நெனச்சுக்கிட்டு இருந்ததை, அந்தப் பக்கம் சம்மதம்னு நெனச்சிருக்காங்க.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? கல்யாணமாகி சென்னை வந்தேன். வீட்டுக்காரர் பெங்களூர்ல வேலை பாத்து, "போலாமா?"ன்னு கேட்டாரு. எனக்குப் பிடிக்கல. "உங்க இஷ்டம்"னு சொன்னேன். ரெண்டு வாரம் சரியாப் பேசல. கேட்டா, "ஒண்ணுமில்ல." அம்மாகிட்ட போன்ல அழுதேன். அம்மா மாப்பிள்ளைக்குப் போன் போட்டாங்க. சாயங்காலம் வந்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இதை நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

அன்னைக்கு நான் அம்மாவை அந்த மூணாவது படிக்கிற பிள்ளையா ஆக்கியிருந்தேன்.

எங்க பள்ளத்தாக்குல ஓடுறது பெரியாத்துத் தண்ணி. 1895ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைக்காக ரெண்டு மாநிலம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு 2014ல தீர்ப்பு வந்துச்சு. சண்டை இன்னும் ஓயல. ஆனா எத்தனை அடின்னு வாய்விட்டுக் கேட்டாங்க. ஒரே கிணத்துல அண்ணன் தம்பியால எத்தனை மணி நேரம்னு கேட்க முடியல.

எல்லாத்துக்கும் சண்டை போடணுமான்னு கேட்பீங்க. தேவையில்ல. தம்பதிகளைப் பல வருஷம் ஆராய்ச்சி பண்ணின ஜான் காட்மன், சின்னச் சின்ன விஷயங்களை விட்டுட்டு நல்லாவே வாழுற ஜோடிகளும் உண்டுன்னு சொல்றாரு. நிஜமாவே விட்டுட்டோமா, இல்ல மனசுக்குள்ள கணக்கு எழுதிக்கிட்டே இருக்கோமாங்கிறதுதான் கேள்வி. கணக்கு ஓடுதுன்னா, சொல்லித்தான் ஆகணும்.

சொல்லும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சா நிறுத்துங்க. உடம்பு அடங்க 20 நிமிஷமாவது வேணும்னு அவரே சொல்றாரு. ஆனா, "கொஞ்ச நேரத்துல வந்து பேசுறேன்"னு சொல்லிட்டுப் போங்க. சொல்லாமப் போனா அது கதவைச் சாத்துற மாதிரி. திரும்பி வந்ததும் பழைய கதையெல்லாம் வேண்டாம், ஒரே விஷயம் போதும்: "எனக்கு பெங்களூர் வர பயமா இருக்கு." நான் கடைசியில சொன்னது அதைத்தான்.

ஒண்ணு மட்டும். வாயைத் திறந்தா அடி விழும்னு நீங்க பேசாம இருந்தா, இந்த எபிசோட் உங்களுக்கானது இல்ல. அங்க உங்க மௌனம் உங்களுக்கான பாதுகாப்பு. பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கு, கூப்பிடுங்க.

மத்தவங்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் யாரையாவது "அவர்கிட்ட சொல்லிரு"ன்னு அனுப்ப வாய் வந்தா, அந்த ஒரு தடவை நீங்களே போய்ச் சொல்லிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.