ஈன்றணிமை நாட்கள்



பசு கன்று ஈன்றதும் விழுந்த நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து, பாலுள்ள மரமென்று ஆலமரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிடுவது நம் கிராமங்களின் பழைய சம்பிரதாயம். இந்தத் தாமல் ஊர் ஏரிக்கரையில் நின்றுகொண்டு அதைப் பரிகசிக்க நான் துணியமாட்டேன். கொடி விழுந்ததா, எப்போது விழுந்தது, முழுதாக விழுந்ததா என்று வீட்டார் கண்ணும் கருத்துமாய்க் காத்திருந்ததற்கு அந்தச் சம்பிரதாயமும் ஒரு காரணம். என் குறையெல்லாம், மூட்டை மரமேறியதோடு நம் கவனமும் மரமேறிவிடுகிறதே என்பதுதான்.

ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், சினைக்காலமாகிய 280 நாள் போக மீதி 85 நாட்களே. ஈன்ற வேளையில் ஏறத்தாழ 9 கிலோ கனக்கும் கர்ப்பப்பை ஒரு கிலோ அளவுக்குச் சுருங்கித் தன் பூர்வ நிலையை அடைவதற்கு அவற்றில் பாதி கழிந்துவிடும். 21 நாளுக்கொருமுறை வரும் பருவத்தில் இரண்டே நம் கைக்கு மிஞ்சும்.

ஈன்ற இரு வாரங்களில் அநேகமாக எல்லாப் பசுக்களின் கர்ப்பப்பையிலும் கிருமிகள் புகுகின்றன. பெரும்பாலானவை தாமே தெளிந்துவிடுகின்றன. கொடி தங்கியவை, ஈனச் சிரமப்பட்டவை, இரட்டைக் கன்று ஈன்றவை, பால் காய்ச்சல் கண்டவை ஆகியனவே தடுமாறுகின்றன. முதல் பத்து நாளில் காய்ச்சலும் துர்நாற்றமுள்ள செந்நீரும் கண்டால் எவரும் மருத்துவரிடம் ஓடிவருவர். ஆனால் மூன்று வாரம் கடந்தபின், தீனியும் தின்று பாலும் கறந்துகொண்டு, கண்ணாடிபோல் இருக்கவேண்டிய வழும்பில் சிறிது சீழ் மட்டும் காட்டி நிற்கும் பசுவைத்தான் ஒருவரும் நோயாளியென்று எண்ணுவதில்லை.

இளமையில் நானே ஒரு பெரும் பிழை செய்தேன். தங்கிய கொடியைக் கையை உள்ளே விட்டு இழுத்து எடுத்துவிட்டு, ஏதோ வீரச்செயல் புரிந்தவன்போல் வீட்டார் தந்த மோரைக் குடித்து வந்தேன். கருப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கிய அந்தக் கைங்கரியத்தின் பலனாக, அப்பசு அவ்வாண்டு முழுவதும் சினை நிற்கவில்லை. வெறுங்கையால் அதைத் தொட்டதில் கருச்சிதைவு நோய்க் கிருமியான புருசெல்லா எனக்குத் தொற்றாமற்போனது தெய்வாதீனம். கொடி தங்குவது பெரும்பாலும் தாயின் வெள்ளணுக்கள் சோர்ந்திருப்பதனால் என்றும், அச்சோர்வு ஈனுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது என்றும் பின்னரே கற்றேன். ஆகவே, பால் வற்றிய இரண்டு மாதமும் 'கறக்காத மாட்டுக்குத் தீவனம் எதற்கு' என்று கை சுருக்குகிறவர், அதிலும் அதிகம் கறக்கும் ஜெர்சிக் கலப்பினத்துக்குச் சுருக்குகிறவர், வரப்போகும் நோய்க்குத் தாமே விதை போடுகிறார்.

இனி, ஒருபுறம் தறியும் மறுபுறம் தொழுவமுமாகக் குடித்தனம் நடத்தும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: ஈன்ற தேதியைத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதுங்கள், தங்கிய கொடியில் கல்லைக் கட்டாதீர்கள், நன்றாயிருக்கிறதென்று தோன்றினாலும் நான்காம் வாரத்தில் மாட்டை ஒருமுறை காட்டுங்கள். மருத்துவ நண்பர்களுக்கோ என் விண்ணப்பம் வேறு: இருமுறை நில்லாத பசுவுக்கு மூன்றாம் சினை ஊசி போடுமுன், அந்தச் சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள், வழும்பைப் பாருங்கள்.