கையெழுத்து மட்டும் போதுமா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கற்றல் மைய ஆசிரியைகளுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் ஆற்றிய உரை)



நம்ம குழுக்களில் கைநாட்டு வைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் ஒரு கேள்வி. பேர் எழுதத் தெரிந்துவிட்டால் படிப்பு முடிந்துவிட்டதா?

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறோம். தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை தவணை என்று வாசிக்கத் தெரியாமல் போட்டால், அதற்கும் கைநாட்டுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லப்போனால் கையெழுத்தில்தான் ஆபத்து அதிகம். கைநாட்டு என்றால், "அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்று யாராவது சொல்வார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால், "படிச்சுப் பார்த்துத்தானே போட்டீங்க?" என்று கேட்பார்கள்.

அப்படியானால் எவ்வளவு படித்தால் போதும்? இதற்கு ஒரு அளவுகோல் உண்டு. 1988-ல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் அதை வகுத்துக் கொடுத்தது. எளிய பத்தி ஒன்றை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் சத்தமாக வாசிக்க வேண்டும். பார்த்து எழுதினால் நிமிடத்துக்கு 7 சொல், சொல்லக் கேட்டு எழுதினால் 5 சொல். சின்னக் கடிதம், மனு, படிவம் இவற்றைத் தானாக எழுத வேண்டும். 1 முதல் 100 வரை எண்கள், 3 இலக்கம் வரை கூட்டல் கழித்தல், எடை, அளவு, பணம், நேரம், பின்னம் இல்லாத எளிய வட்டிக் கணக்கு, இவ்வளவும் தெரிய வேண்டும். இது தெரிந்தால்தான் எழுத்தறிவு பெற்றவர். கையெழுத்து மட்டும் போதும் என்று அதில் எங்கேயும் இல்லை.

2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் தேர்விலும் வாசித்தல், எழுதுதல், கணக்கு என்று மூன்று பகுதிதான். ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண்.

ஆசிரியைகளாக இருக்கிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். "எத்தனை பாடம் முடிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் "பத்தாவது பாடம்" என்கிறோம். அது நாம் முடித்த கணக்கு. அவர்கள் கற்ற கணக்கு வேறே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒரு பெண் சைக்கிள் கற்றுவிட்டாளா என்று எப்படித் தெரியும்? எத்தனை நாள் பழகினாள் என்றா பார்ப்போம்? பிடித்திருக்கிற கையை விட்டதும் ஓட்டுகிறாளா என்றுதானே பார்ப்போம்! படிப்பும் அப்படித்தான். நாம் கையை விட்டால் அவர்களே வாசிக்க வேண்டும்.

அதனால் வாரம் ஒரு இலக்கு வையுங்கள். "இந்த வாரம் எண்கள்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். "பாஸ்புக்கில் வரவு எது, பற்று எது, இருப்பு எவ்வளவு என்று ஒவ்வொருத்தரும் தானே பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று வையுங்கள். அடுத்த வாரம் தீர்மான நோட்டில் நாலு வரி வாசிப்பது. அதற்கடுத்து பணம் கட்டும் சலானைப் பூர்த்தி செய்வது. பாடப் புத்தகத்தோடு பாஸ்புக், ரேஷன் கடை ரசீது, பஸ் போர்டு எல்லாம் பாடம்தான்.

வாரக் கடைசியில் ஒவ்வொருத்தராகச் செய்து காட்டச் சொல்லுங்கள். கூட்டமாகச் சேர்ந்து சொன்னால், தெரியாதவர் குரல் தெரிந்தவர் குரலில் மறைந்துவிடும். வரவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள். சொல்லிக்கொடுக்கிற விதத்தை மாற்றிப் பாருங்கள். அளவுகோல் நம் பாடத்தை அளக்கத்தான். வயலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வந்து உட்காருகிற அக்காவை வெட்கப்பட வைக்க இல்லை. 30 சொல் வராவிட்டால் 15 சொல்லில் தொடங்கட்டும்.

வட்டிக் கணக்கை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ஒரு உதாரணம் பாருங்கள். 3,000 ரூபாய் கடன். நூற்றுக்கு மாசம் 2 ரூபாய் வட்டி. மாசம் 300 வீதம் 10 தவணை. 3,000-ல் 30 நூறு. 30-ஐ 2-ஆல் பெருக்கினால் முதல் மாச வட்டி 60 ரூபாய். அசலில் 300 கட்டியாச்சு. மீதி 2,700. அடுத்த மாசம் வட்டி 54 தான். அதற்கடுத்து 48. இப்படி நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் 10 மாசத்துக்கு மொத்தம் 330 ரூபாய். குறையாமல் மாசாமாசம் 60 வாங்கினால் 600 ரூபாய். வித்தியாசம் 270 ரூபாய்! இரண்டையும் "ரெண்டு வட்டி" என்றுதான் சொல்வார்கள். கணக்குத் தெரிந்தவர்தான் "நிலுவைக்கு வட்டியா, மொத்தத்துக்கு வட்டியா?" என்று கேட்பார்.

உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஊக்குநர் பார்த்துக்குவாங்க" என்று நோட்டை அவரிடமே விட்டுவிடாதீர்கள். அவர் மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. எல்லோரும் வாசிக்கிற கணக்கில் தப்பு நேர்ந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். ஊக்குநருக்கும் அதுதான் பாதுகாப்பு.

அடுத்த கூட்டத்தில் இருந்து ஒரு பழக்கம் தொடங்குவோம். தீர்மானத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு உறுப்பினர் வாசிக்கட்டும். தடுமாறினாலும் பரவாயில்லை, மற்றவர்கள் பொறுத்திருங்கள். வாசித்த பிறகுதான் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். செய்வீர்களா?