கையைக் காட்டு

 

பண்டிதர் அயோத்திதாசர் மறைந்தது 1914 மே 5ஆம் நாள். அதனால் அவர் நினைவாக நடக்கும் கூட்டங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வருகின்றன. முன்வரிசையில் தோழர்கள், பேராசிரியர்கள். பின்வரிசையில் அம்மாவோடு வந்த பிள்ளைகள். இங்கே பெண்ணாடத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பண்டிதரின் பௌத்தத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று நான் பின்வரிசையைப் பற்றிப் பேசப் போகிறேன். இந்த மே மாதம் அந்தப் பிள்ளைகள் கையில் என்ன புத்தகம் இருக்கிறது?

பண்டிதரிடமிருந்தே தொடங்கலாம். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் அவர் தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. ஓராண்டு கழித்து அது ‘தமிழன்’ ஆயிற்று. நம் ஆய்வாளர்கள் எல்லோரும் அந்தப் பெயரில் ‘தமிழன்’ என்ற சொல்லைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். நான் ‘ஒரு பைசா’வில் நின்றுவிடுகிறேன். விலையையே பத்திரிகையின் பெயராக வைக்கிற மனிதர், வாங்குகிறவரின் மடியில் எவ்வளவு இருக்கும் என்று முதலில் யோசித்திருக்கிறார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். திருக்குறள் ஓலைச்சுவடியை ஆரிங்டன் துரை வழியாக எல்லிஸ் கைக்குச் சேர்த்தவர் தம் பாட்டனார் கந்தப்பன் என்று பண்டிதரே எழுதியிருக்கிறார். நம் வீட்டிலிருந்து சுவடி வெளியே போனது. பண்டிதர் எழுதியவை நம் வீட்டுக்குத் திரும்பி வர எவ்வளவு காலம் ஆயிற்று? ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999இல். அவர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தங்கள் வீட்டில் காப்பாற்றி வைத்திருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

விலை மலிவாக இருந்தால் மட்டும் புத்தகம் கைக்கு வந்துவிடாது. இது மெய்கண்டாரின் ஊர். சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம். அச்சிட்டால் ஒரு தாளில் அடங்கிவிடும். அந்த ஒரு தாளை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதில்தான் எல்லாமே இருந்தது. இதை நான் நூல்களில் படிப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டேன்.

நம் பக்கம், விருத்தாசலம் பண்ருட்டி வட்டாரத்தில், கோடை என்றால் முந்திரி. மற்றவர்களுக்கு அது பாயசத்தில் மிதப்பது. நமக்கு, காட்டில் பொறுக்குவது, வறுத்த கொட்டையை உட்கார்ந்து உடைப்பது. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை உரித்துவிடும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம். அப்படியும் விரல் நுனியெல்லாம் கறுத்துப் போகும். எவ்வளவு தேய்த்தாலும் பள்ளிக்கூடம் திறக்கும்வரை போகாது. ஏழாம் வகுப்பு முடித்த லீவில் அந்தக் கையோடு ஒரு நூலகத்துக்குப் போனேன். எந்த ஊர் நூலகம் என்பது இப்போது தேவையில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் முதலில் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். பிறகு, “கையைக் காட்டு” என்றார். காட்டினேன். “இந்தக் கையோட தொட்டா புக்கு என்னத்துக்கு ஆவும்? கழுவிட்டு வா.” வெளியே குழாயடியில் மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். திரும்பிப் போனேன். மறுபடியும் காட்டச் சொன்னார். மறுபடியும் கழுவினேன். மூன்றாவது முறை நான் உள்ளே போகவில்லை.

வீட்டில் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மளிகைக் கடையிலிருந்து பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய வாரப் பத்திரிகைத் தாள்களை ஒரு கட்டு வாங்கி வந்தார். “இதப் படி. இதுக்கு எவனும் கையக் காட்டச் சொல்ல மாட்டான்.” அந்தக் கோடை முழுக்க அதைத்தான் படித்தேன். தொடர்கதையில் நடுப்பக்கம் இருக்கும், முடிவு இருக்காது. சில கதைகளில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு சமூகவியல் எம்.ஏ. படிக்கும்போது பார்பரா ஹெய்ன்ஸ் என்பவர் 1978இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் என்ன கற்கிறார்கள், எதை மறக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. பள்ளி நடக்கும் மாதங்களைவிட விடுமுறையில்தான் ஏழைப் பிள்ளைக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் இடையில் தூரம் கூடுகிறது என்றார் அவர். அந்தத் தூரத்தைக் குறைப்பதில் முன்னால் நின்றது வாசிப்பு. பொது நூலகமும், அது வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் பெரிய பங்கு வகித்தன. 1982 முதல் பால்டிமோர் நகரப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அலெக்சாண்டரும் எண்ட்விசிலும் இதே திசையில்தான் சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் அளவிட்ட முறையைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்தத் தூரம் எவ்வளவு என்பதில் இன்றும் சண்டை உண்டு. எனக்கு அந்தப் புள்ளிவிவரச் சண்டை முக்கியமில்லை. ஹெய்ன்ஸ் புத்தகத்தில் நூலகத்துக்கு உள்ள தூரம் என்று வருகிற இடத்தில் நான் மைல் கணக்கைப் பார்க்கவில்லை, அந்தக் குழாயடியைப் பார்த்தேன்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது நம் மாகாணம்தான், 1948இல். அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். அந்தச் சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. காலனியில் தொகுப்பு வீட்டுக்கு வரி கட்டுகிற அக்காவும் அதைக் கட்டுகிறார். பண்டிதர் கேட்டது ஒரு பைசா. அரசு வாங்குவது ரூபாய்க்கு 10 பைசா. ஆகவே நூலகத்துக்குள் நம் பிள்ளை போவது யாரும் இடுகிற பிச்சை கிடையாது, முன்பணம் கட்டியாகிவிட்டது.

ஆனால் கட்டடம் எங்கே இருக்கிறது? 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் எஸ்.வி. கனகசபை பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். பெரிய காரியம். அந்த வண்டி எந்தெந்தத் தெருவில் நின்றிருக்கும் என்று கேட்காமல் என்னால் அந்தக் கதையைக் கடக்க முடிந்ததில்லை. பொதுச்சாலை, கிணறு, பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்று சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். ஏழே ஆண்டுதானே ஆகியிருந்தது. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் வந்தது. பல ஊர்களில் அது பூட்டிக் கிடக்கிறது. சில ஊர்களில் உள்ளே ஊராட்சியின் பழைய குழாயும் மின்விளக்குப் பெட்டியும் கிடக்கின்றன. திறந்திருக்கும் இடத்திலும் அது பெரும்பாலும் ஊர்ப்பக்கம். பத்து வயதுப் பெண்பிள்ளை மே மாத வெயிலில் ஊர்த்தெருவைத் தாண்டித் தனியாகப் போய் வர வேண்டும். எந்தத் தாய் அனுப்புவாள்?

விலைக்கு வாங்கலாமே என்பார்கள். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி நமக்குப் பக்கம்தான். அது ஜூலையில் வருகிறது, லீவு முடிந்த பிறகு. இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிற அம்மாவிடம், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போனில் இலவசமாகக் கதைகள் கிடைக்கின்றன, உண்மை. போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது.

புத்தகம் நம் தெருவிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2023இல் பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. குறை சொல்ல முடியாத வேலை. ‘நுழை’யில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிதான், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை கூசாமல் கையில் எடுக்கலாம். தேன்சிட்டு, ஊஞ்சல் இதழ்களும் பள்ளிக்கு வருகின்றன. ஏப்ரல் கடைசியில் இவை எல்லாம் பீரோவுக்குள் போகின்றன. பூட்டு. ஜூனில்தான் திறப்பு. படிக்க நேரம் இருக்கும் ஒரே காலத்தில் புத்தகம் பூட்டில் இருக்கிறது.

ஏன் சார், லீவுக்குக் கொடுத்தனுப்பக் கூடாதா என்று தலைமையாசிரியர்களைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நல்லவர்கள்தான். “இருப்புப் பதிவேடு இருக்குதும்மா. தொலைஞ்சா நான்தான் பதில் சொல்லணும். திரும்பி வர்றப்ப எந்தக் கோலத்துல வருமோ” என்கிறார்கள். அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு முப்பது வருஷமாகத் தெரிந்த வாக்கியம். குரல் மென்மையாகியிருக்கிறது. அதிலும் என் கையைத்தான் காட்டச் சொல்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். தொலையட்டும். நூற்றில் பத்துப் புத்தகம் தொலையட்டும், இருபது கறைபடட்டும். முந்திரிக் கறையும் குழம்புக் கறையும் பட்ட புத்தகம் படிக்கப்பட்ட புத்தகம். அதற்கு ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து பதில் சொல்ல வேண்டாம் என்று துறை ஒரு வரி ஆணை போட்டால் போதும். இதைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். ஆணை வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். தொலைகிற புத்தகத்துக்கு இந்த மன்றம் பணம் கட்டும் என்று நம் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கடிதம் கொடுப்போம். மேடைக்கும் மைக்குக்கும் செலவாவதைவிட அது குறைவாகத்தான் ஆகும்.

மே 1 கிராம சபை போய்விட்டது. ஆகஸ்ட் 15 இருக்கிறது. நூலகக் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அன்று ஒருவர் எழுந்து கேளுங்கள். நம் ஊராட்சியில் வசூலான நூலக வரி எவ்வளவு என்றும் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகலாம். அரசு வேலையில் இருக்கும் தோழர்கள் இதைத் திருமணப் பரிசு, மஞ்சள் நீராட்டுச் செலவோடு ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். புரவலர் வீட்டுப் பிள்ளையைக் கையைக் காட்டச் சொல்லத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நமக்கு வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் யாரும் ஓடிவிடாதீர்கள். வாசல் மேசையில் கிளை நூலக உறுப்பினர் விண்ணப்பங்கள் வைத்திருக்கிறோம். நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பித் தர ஆள் இருக்கிறது. காப்புத் தொகையும் சந்தாவும் சில பத்து ரூபாய்தான். இன்று மன்றம் கட்டும். நாளைக் காலையில் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டமாக அழைத்துப் போகிறோம், நானும் வருகிறேன். பின்வரிசைப் பிள்ளைகளே, முந்திரி உடைத்த கையோடு அப்படியே வாருங்கள்.