ஈரம் காயட்டும்



கணவர் மறைந்தபின் மகளும் நானும் மாலைகளில் பேச்சற்றிருந்தோம். வைத்தியராக மற்றக் குடும்பங்களுக்குச் சொன்ன ஆறுதல் எதுவும் எங்கள் வீட்டுக்கு உதவவில்லை. ஒருநாள் அவளுடைய நீர்வர்ணப் பெட்டியைத் திறந்து, வேலியோரப் பூவரசம்பூவைத் தபாலட்டை அளவில் வரைந்தோம். காலையில் மஞ்சள், மாலையில் செம்மை பாய்ந்து வாடிவிடும். இரண்டையும் வரைய ஒரு பகல் முழுதும் பார்த்திருந்தோம்.

இங்கே சித்திர வகுப்பில் நாங்கள் படித்தது அப்போதுதான் விளங்கியது: ஈரம் காயுமுன் அடுத்த நிறத்தைப் பூசினால் எல்லாம் கலங்கிவிடும். அவருடைய கதிரையை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை.

வரைந்தால் துயர் தீராது, சகோதரிகளே. அந்த அரைமணி நேரம் மூச்சு விடலாம். உறக்கமும் பசியும் நீண்டநாள் கெட்டால் வைத்தியரிடம் போங்கள். அதில் வெட்கமில்லை.