நாளையை இன்றாக்குவோம்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கருவேப்பிலங்குறிச்சியைச் சேர்ந்த மாணவி ஒருவர் அண்மையில் நம்மிடம் ஓர் எண்ணத்தைச் சொன்னார். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் நம் பெண்கள் கூலிக்குப் பொம்மை வார்க்கிறார்கள். அப்பெண்களே பங்காளிகளாக இருந்து நடத்தும் ஒரு தொழிற்கூடத்தைத் தாம் அமைக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, "இது பகற்கனவுதானே?" என்று தாமே தலைகுனிந்து கொண்டார்.

அவர் தலைகுனிய வேண்டியதில்லை. பிறர் நிலத்தில் உழைப்பதே உன் விதி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட குடும்பத்தின் பிள்ளை, வேறொரு வாழ்வை எண்ணிப் பார்ப்பதே விடுதலையின் முதற்படியாகும். ஆனால் முதற்படியிலேயே நின்றுவிட்டால் வீடு போய்ச் சேர மாட்டோம்.

நந்தனாரை நாம் அறிவோம். தில்லையைக் காண வேண்டும் என்ற வேட்கையால், நாள்தோறும் 'நாளைப் போவேன்' என்று சொல்லிக் கொண்டிருந்ததால் அவருக்குத் திருநாளைப்போவார் என்றே பெயர் வழங்கிற்று. அவருடைய நாளை ஏன் தள்ளிக்கொண்டே போயிற்று? அவருக்குக் கால் இல்லாமலா? வழி தெரியாமலா? இல்லை. பிறப்பைக் காட்டி வாயில் அடைக்கப்பட்டிருந்தது. இறுதியில் நெருப்பில் மூழ்கி எழுந்த பின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது என்கிறது பெரியபுராணம்.

அதே சிதம்பரத்திற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து நம்மவர் ஒருவர் வந்தார். ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்து, முனுசாமி என்ற பெயருடன் வளர்ந்து, துறவு பூண்ட சுவாமி சகஜானந்தர் அவர். அவருக்கும் ஒரு கனவு இருந்தது. நம் பிள்ளைகள் அனைவரும் கல்வி பெற வேண்டும் என்பதே அது. அவர் அதை நாளைக்கென்று ஒத்திவைக்கவில்லை. 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார், பள்ளி எழுந்தது. எந்த ஊரில் நந்தனாரிடம் நெருப்பு கேட்கப்பட்டதோ, அந்த ஊரிலேயே நந்தனார் பெயரால் எழுத்து கற்பிக்கப்பட்டது. சகஜானந்தர் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கி, 1959-இல் மறைந்தார். நந்தனார் பெயர் தாங்கிய அரசுப் பள்ளிகள் இன்றும் சிதம்பரத்தில் நடைபெறுகின்றன.

அண்ணல் அம்பேத்கரும் நம் மக்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று பேசியதோடு நின்றுவிடவில்லை. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். முதலில் ஓர் அமைப்பு, அடுத்து ஒரு கட்டடம், அதன்பின் மாணவர்கள். கனவு இப்படித்தான் நடைமுறைக்கு வருகிறது.

இதற்கு நம் பக்கத்து ஊர்த் தொழிலே நல்ல பாடம். பீங்கான் செய்வோர் களிமண்ணோடு படிகக்கல் தூள் முதலியவற்றைக் கலந்து, நீரில் கரைத்து, அச்சில் வார்க்கிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உருவம் கெட்டிப்படுகிறது. அதை உலர்த்திய பிறகே சூளையில் இடுகிறார்கள். ஈரம் காயுமுன் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். காய்ந்த பிறகும் சூளைக்கு அனுப்பாமல் வைத்திருந்தால், ஒரு மழையில் மீண்டும் மண்ணாகிவிடும். எண்ணங்களும் அவ்வாறே. அவசரத்தால் வெடிப்பவை சில; தாமதத்தால் கரைபவை பல.

இதை நாங்கள் பட்டே அறிந்தோம். சங்கம் தொடங்கிய காலத்தில், ஒரே கூட்டத்தில் ஒன்பது தீர்மானங்களைக் கைதட்டலோடு நிறைவேற்றினோம். விடுதி, நூலகம், தையற் பயிற்சி என்று பட்டியல் நீண்டது. யார் செய்வது, எந்நாளில் தொடங்குவது, பணம் எங்கிருந்து வரும் என்று ஒன்றிலும் எழுதவில்லை. ஓராண்டு கழிந்தது; ஒன்றும் நடக்கவில்லை. குற்றம் எங்களுடையதே. பிறகு ஒன்றை மட்டும் கையில் எடுத்தோம். கணக்கில் தேர்ச்சி பெறாத பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. ஒரு திண்ணை, ஒரு கரும்பலகை, ஒரு விளக்கு. முதல் நாள் வந்தவர்கள் மூவர். அம்மூவரில் ஒருவர்தாம் சற்று முன் இம்மேடையில் வரவு செலவு படித்த நம் பொருளாளர்.

எனவே இளைஞர்களே, எண்ணம் தோன்றியவுடன் அதை எழுதி வையுங்கள். அதில் இன்றே செய்யக்கூடிய மிகச் சிறிய பகுதி எது என்று பாருங்கள். அதற்கு ஒரு நாளையும் ஒரு பொறுப்பாளரையும் குறியுங்கள். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வையுங்கள். நம்மை ஏற்காதவர்கள் முதலில் தேடுவது நம் கணக்கில் உள்ள ஓட்டையைத்தான்.

அந்த மாணவிக்கும் இதையே கூறுகிறோம். விருத்தாசலத்திலேயே பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் நிறுவனம் இருக்கிறது. அங்கே கற்பது முதற்படி. ஓர் அச்சுக்கும் ஒரு சூளைக்கும் ஆகும் செலவை எழுதிப் பார்ப்பது இரண்டாம் படி. உடன் வரும் ஐந்து பெண்களைச் சேர்ப்பது மூன்றாம் படி. அவரைப் பாராட்டிக் கைதட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவர் விண்ணப்பம் எழுதும்போது அருகில் அமர்வதும், படிப்புச் செலவில் பங்கு கொள்வதும் இச்சங்கத்தின் கடமை.

நந்தனாரின் நாளையைப் பிறர் தடுத்தனர். நம் நாளையை நாமே தள்ளிப்போடலாகாது. இன்றே தொடங்குவோம்.